நாட்டுப் பன்றி இனத்தைக் காக்க: எட்டுப் பன்றியோடு தொடங்குவது எப்படி

2012இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 3 லட்சம் பன்றிகள் இருந்தன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் அது 90 லட்சத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டது. அடுத்த ஆண்டே அருணாசலப் பிரதேசத்திலும் அசாமிலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்து, வடகிழக்கில் கொட்டகை கொட்டகையாகக் காலி செய்தது. நம் நாட்டின் பெயர்பெற்ற பன்றி இனங்கள் பலவற்றுக்கு வீடே அந்த வடகிழக்குதான்.

லாபத்துக்கு வெண்பன்றி வளர்ப்பது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இது வேறு வேலை. தன் ஊர்ப்பக்கத்து நாட்டுப் பன்றி அழிந்துவிடக் கூடாது என்று நினைத்து, ஒரு சிறு மந்தை வைக்கத் துணிகிறவருக்காக இதை எழுதுகிறேன். கொட்டகை, தீவனம் பற்றியெல்லாம் கால்நடை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம். யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: ஓர் இனம் பிழைப்பதும் அழிவதும் அதில் எத்தனை பன்றி இருக்கிறது என்பதைவிட, எத்தனை ஆண் பன்றிகள் குட்டிகளுக்குத் தந்தையாகின்றன என்பதைப் பொறுத்தது. கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

1. உங்கள் ஊர்ப் பன்றி எது என்று பாருங்கள்

இந்தியாவில் கால்நடை இனங்களைப் பதிவு செய்வது ஹரியானாவின் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம். பத்துக்கு மேற்பட்ட பன்றி இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. வடக்கு வங்காளத்தின் குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா, வாக் சம்பில், நாகாலாந்தின் தென்யி வோ, மிசோரமின் சோவாக், அசாமின் டூம், திரிபுராவின் மாலி, உத்தரப் பிரதேசத்தின் குர்ரா, கோவாவின் அகோண்டா கோவன், நிக்கோபார் தீவுகளின் நிக்கோபாரி ஆகியவை அவற்றில் சில. மற்றபடி நாம் தெருவிலும் குளக்கரையிலும் பார்க்கிற கருப்புப் பன்றிகள் பெரும்பாலும் 'வரையறுக்கப்படாதவை' என்ற கணக்கில் கிடக்கின்றன. அந்த நிலையை ஒழித்து, எல்லாக் கால்நடைகளையும் ஆராய்ந்து இனம் காண்பதென்று 2021இல் ஒரு தேசியத் திட்டமே தொடங்கினார்கள்.

பதிவான இனம்தான் காக்கத் தகுந்தது என்று எண்ண வேண்டாம். பெயரில்லாத பன்றி, யாரும் கவனிக்காமலேயே மறைந்துபோகும் அபாயத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு குங்ரூ கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம். பன்றியை மாநிலம் விட்டு மாநிலம் ஏற்றினால் நோயும் கூடவே ஏறி வரும். அதோடு, வடக்கு வங்காளத்தின் மழைக்கும் தீனிக்கும் பழகிய பன்றியை அந்த மண்ணில் வைத்துத்தான் காக்க வேண்டும். உங்கள் தாலுகாவில் இருப்பதை எடுங்கள்.

2. வாங்கும் முன் சுற்றிப் பாருங்கள்

இரண்டு மூன்று மாதம் இதற்கே போகட்டும். பன்றி வளர்ப்பவர்களைத் தேடிப் போங்கள். நம் ஊரில் அவர்கள் காலகாலமாக இழிவாக நடத்தப்பட்டவர்கள். எந்தப் பன்றி எந்தத் தாயின் மகள், எது தாய்மை மிக்கது, எது குட்டியை நசுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்கு மரியாதையும் காசும் கொடுத்துப் பழகுங்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு அவர்களுடைய பன்றியை மட்டும் எடுத்துக்கொண்டு நடத்தும் பாதுகாப்பு வேலையை நான் பாதுகாப்பாக நினைப்பதில்லை. பின்னால் வரும் படி ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கூட்டாளிகளாக வேண்டியவர்கள்.

போகும் இடமெல்லாம் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியவை: நிறம், முகத்தின் நீளம், காது நிமிர்ந்ததா தொங்கலா, முதுகு மயிரின் நீளமும் அடர்த்தியும், வயிறு, வால், முலைக்காம்புகளின் எண்ணிக்கை, ஓர் ஈற்றில் எத்தனை குட்டி, அதில் எத்தனை பிழைத்தது. பக்கவாட்டிலும் நேரெதிரிலும் ஒரு படம்.

வெளிநாட்டு இனக் கலப்பு எப்படித் தெரியும்? தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருந்தால் ஹாம்ப்ஷயர் கலந்திருக்கலாம். செம்பழுப்பு உடம்பு டூராக்கைக் காட்டலாம். வெளுத்த தோலும் நீண்ட உடலும் யார்க்‌ஷயர் அல்லது லேண்ட்ரேஸ் பக்கம் கை காட்டும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. சோவாக் பன்றிக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு இயல்பு. தென்யி வோவுக்குக் காலில் வெள்ளை இயல்பு. உங்கள் ஊர்ப் பன்றியிலும் புள்ளியோ பழுப்போ தொன்றுதொட்டு இருந்திருக்கலாம். எல்லாம் ஒரே கருப்பாக இருக்க வேண்டும் என்று மற்றதையெல்லாம் கழித்துக்கட்டினால், காக்க வந்த வேறுபாட்டை நாமே அழித்தவர்களாவோம். பக்கத்துப் பண்ணையில் வெண்பன்றி ஆண் இருக்கிறதா, சினைக்கு யாராவது அங்கே ஓட்டிப் போனார்களா என்று கேட்பது, நிறம் பார்ப்பதைவிட நம்பகமான வழி.

3. கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஒரு மந்தையில் 1 ஆணும் 7 பெண்ணும் என்று வையுங்கள். அடுத்த தலைமுறைக் குட்டி அத்தனைக்கும் தந்தை ஒன்றே. எல்லாம் அண்ணன் தங்கை, அல்லது தந்தை ஒன்று தாய் வேறு என்ற அரை உறவு. மரபியலில் இந்த நிலையை அளக்கப் 'பயனுறு எண்ணிக்கை' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இங்கே 4 × 1 × 7 = 28; அதை 8ஆல் வகுத்தால் 3.5. கண்ணுக்கு எட்டுப் பன்றி தெரிகிறது, மரபு வேறுபாட்டைப் பொறுத்தவரை மூன்றரைதான்.

அதே எட்டில் 2 ஆண், 6 பெண் வையுங்கள். 4 × 2 × 6 = 48; வகுத்தால் 6. ஓர் ஆணைக் கூட்டி ஒரு பெண்ணைக் குறைத்ததற்கு இவ்வளவு வித்தியாசம்.

இந்த எண்ணை இரண்டால் பெருக்கி, 1ஐ அதால் வகுத்தால், ஒரு தலைமுறையில் நெருங்கிய உறவுச் சேர்க்கை எவ்வளவு ஏறுகிறது என்று கிடைக்கும். முதல் மந்தையில் 14 சதவீதத்துக்கு மேல், இரண்டாவதில் 8 சதவீதத்துக்கு மேல். இரண்டுமே அதிகம். ஒரு தலைமுறைக்கு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது பயனுறு எண்ணிக்கை 50ஆவது இருக்க வேண்டும் என்பதே உலக உணவு வேளாண் அமைப்பு உட்படப் பலரும் வைத்திருக்கும் அளவுகோல். அண்ணன் தங்கையையோ தாய் மகனையோ சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு அது ஒரே அடியாக 25 சதவீதம். அரை உறவென்றால் 12.5. விளைவு கொட்டகையிலேயே தெரியும்: ஈற்றுக்குக் குட்டி குறையும், பிறந்தது தேறாது, குடலிறக்கமும் விதை இறங்காத ஆண் குட்டிகளும் அடிக்கடி வரும்.

இனி கணக்கின் நல்ல பக்கம். 2 ஆண் 6 பெண் வைத்த வீடுகள் ஒன்பது சேர்ந்தால் 18 ஆண், 54 பெண். கணக்குப் போட்டால் பயனுறு எண்ணிக்கை 54 வரும். அளவுகோலைத் தாண்டிவிட்டீர்கள்! ஒரே ஆள் 72 பன்றியை வைத்துத் திண்டாட வேண்டாம். எட்டெட்டாய் ஒன்பது வீட்டில் இருப்பது எல்லா விதத்திலும் மேல். ஒரு கொட்டகையில் நோய் வந்தால் எட்டோடு போகும். அதனால்தான் தலைப்பில் எட்டு என்று போட்டேன்.

இன்னொரு விதியும் உண்டு, காசு செலவே இல்லாதது. ஒவ்வோர் ஆணுக்கும் மாற்றாக அதன் மகன் ஒன்று, ஒவ்வொரு பெண்ணுக்கும் மாற்றாக அதன் மகள் ஒன்று என்று வைத்துக்கொண்டே போனால், பயனுறு எண்ணிக்கை ஒன்றரை மடங்குக்கு மேல் உயரும். ஒரு தாய் நன்றாக ஈனுகிறது என்று அதன் மகள்களையே நாலைந்து நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. காப்பு மந்தையில் அது கூடாது. சுமாரான தாய்க்கும் ஒரு மகள் உண்டு.

4. முதல் எட்டை வாங்குவது

சந்தையிலோ தரகரிடமோ வாங்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது, என்ன நோய் என்பதும் தெரியாது. வெவ்வேறு ஊரில், ஒன்றோடொன்று ஆண் பன்றி பகிர்ந்துகொள்ளாத வளர்ப்பவர்களிடம் ஒன்றிரண்டாக எடுங்கள். இரண்டு ஆணும் இரண்டு ஊராக இருப்பது கட்டாயம்.

ஆண் குட்டி எடுப்பதில் அவசரம் வேண்டும். வேகமாக வளரும் ஆண் குட்டியைக் கறிக்காகச் சீக்கிரமே காயடித்துவிடுவார்கள். தேறாத குட்டிகள் காயடிக்காமல் விடப்பட்டு, அவையே மந்தைக்குத் தந்தையாகும். பல தலைமுறையாக இப்படி நடந்தால் இனம் சிறுத்துப் போகிறது. பிறகு அதையே காட்டி 'நாட்டுப் பன்றி வளராது' என்கிறோம். நல்ல குட்டி ஒன்றைக் காயடிக்க வேண்டாம் என்று முன்பணம் கொடுத்து நிறுத்திவைப்பது, இந்த வேலையில் மிக மலிவாகச் செய்யக்கூடிய பெரிய உதவி.

வந்தவுடன் முப்பது நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டகையில் சேர்க்க வேண்டும். குடற்புழு நீக்கமும் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியும் அந்த நாட்களிலேயே கால்நடை மருத்துவர் சொல்படி முடியட்டும்.

காட்டுப்பன்றிக் குட்டியைப் பிடித்துவந்து 'வீரியம்' சேர்க்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. பிடிப்பது குற்றம், நோயும் வரும்.

5. நோட்டு

பன்றிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு பக்கம். காதுவில்லை போடலாம், வில்லை அறுந்து விழும் என்பதால் காதில் வெட்டு அடையாளமும் நல்லது. பக்கத்தில் எழுத வேண்டியவை: தாய் எண், தந்தை எண், பிறந்த நாள், எந்த ஊர், உடலடையாளம், ஒவ்வோர் ஈற்றிலும் பிறந்தது எத்தனை, பால் மறந்தபோது இருந்தது எத்தனை, யாருக்கு எப்போது விற்றது. இரண்டு ஆணும் ஒரே பட்டியில் திரிந்தால் தந்தை எண் எழுத முடியாது, நோட்டே வீண். அதற்குத்தான் அடுத்த படி.

6. சேர்க்கையை நீங்கள் தீர்மானிப்பது

நாட்டுப் பன்றி சீக்கிரம் பருவத்துக்கு வந்துவிடும். மூன்று நான்கு மாத ஆண் குட்டியே தாய் மீதும் தங்கை மீதும் ஏறும். பெரும்பாலான கொட்டகைகளில் உறவுச் சேர்க்கை இப்படித்தான், யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. ஆகவே இரண்டரை மாதம் முடிவதற்குள் ஆண் குட்டிகளைப் பிரித்துவிடுங்கள். வைத்துக்கொள்ளப்போகும் ஒன்றிரண்டு தவிர மற்றவற்றைக் காயடிக்கலாம். எதை வைத்துக்கொள்வது என்று நோட்டைப் பார்த்து முடிவு செய்த பிறகுதான் காயடிப்பவரைக் கூப்பிட வேண்டும்.

பெண் பன்றி 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். மூன்று பெண்ணோடு ஓர் ஆணை ஆறு வாரம் விட்டால் இரண்டு பருவம் கிடைத்துவிடும். பிறகு ஆணை வெளியே எடுங்கள். இன்னோர் ஆணை விடுவதாக இருந்தால் மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும், அப்போதுதான் எந்தக் குட்டி யாருடையது என்ற குழப்பம் வராது. சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

ஆணுக்கென்று தனிக் கொட்டில் கட்டாயம். ஆறேழு சதுர மீட்டர் போதும். செலவு என்று இதில் மிச்சம் பிடித்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நடக்காது.

தீனியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தவிடு, நொய், பிண்ணாக்கு, கீரை, கிழங்கு, காய்கறிக் கழிவு. நாட்டுப் பன்றி நார் மிகுந்த தீனியைச் செரிப்பதில் கெட்டி. அதை வெண்பன்றித் தீவன அட்டவணைப்படி கொழுக்கவைத்தால் சினை பிடிப்பதுதான் தடைபடும்.

7. வட்டம்

வீடுகள் ஐந்தோ ஒன்பதோ சேர்ந்ததும் அவற்றை வரிசைப்படுத்தி எண் கொடுங்கள். பெண் பன்றிகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும், ஆண் மட்டும் நகரும். முதல் வீட்டில் பிறந்த ஆண் குட்டி இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டுக் குட்டி மூன்றாம் வீட்டுக்கு, கடைசி வீட்டுடையது முதல் வீட்டுக்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் இதே திசை. அண்ணன் தங்கை, தந்தை மகள் சேர்க்கை இதில் நடக்காது, உறவுச் சேர்க்கை ஏறுவதும் மெதுவாகும். பெரிய கணினி நிரல் எதுவும் வேண்டாம், சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதும்.

இதில் முறியும் இடம் எது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: பணம். ஒருவர் கொடுத்த குட்டி நன்றாக இருக்கும், அவருக்கு வந்தது மெலிந்திருக்கும். அதனால் குட்டிக்குக் குட்டி, விலை கிடையாது, பால் மறந்து பதினைந்து நாளில் கைமாறும், வழியில் செத்தால் மாற்று உண்டு என்று தொடங்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கைமாறும் ஒவ்வொரு குட்டிக்கும் முப்பது நாள் தனிமை இங்கும் பொருந்தும். அண்டை மாவட்டத்தில் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அந்தச் சுற்றைத் தள்ளிப்போடுங்கள். ஆறு மாதத் தாமதம் மரபுக்கு ஒன்றும் செய்யாது.

8. நோய்

இரண்டு காய்ச்சலைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கு நம் நாட்டிலேயே தடுப்பூசி தயாராகிறது, தவறாமல் போடுங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இங்கே தடுப்பூசி இல்லை. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றி பிழைப்பது அரிது. நோய் வந்த இடத்தில் சுற்றியுள்ள பன்றிகளையும் அரசு அழித்துவிடும், காப்பு மந்தை என்று விலக்குக் கிடைக்கும் என எதிர்பார்க்கக் கூடாது. 2022இல் கேரளத்தின் வயநாட்டிலும், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் இது வந்தது. ஆகையால் மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்தில் இருப்பவர்கள் காட்டுப்பன்றி நெருங்காதபடி இரட்டை வேலி போடுவது அவசியம்.

இந்தக் கிருமி பதப்படுத்திய கறியிலும் உறைந்த கறியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஹோட்டல் எச்சிலைக் கொதிக்கவைக்காமல் ஊற்றுவதுதான் பல இடங்களில் வாசலைத் திறந்துவிடுகிறது. கொதிக்கவைக்க வசதி இல்லையென்றால் எச்சிலே வேண்டாம். வெளியாள் செருப்போடு உள்ளே வரக் கூடாது. கறி வெட்டும் இடத்துக்குப் போய்வந்தவர் குளித்து உடை மாற்றிவிட்டு வரட்டும். அவிழ்த்துவிட்டு வளர்ப்பதையும் நிறுத்திவிடுங்கள். மலம் தின்னும் பன்றியால் நாடாப்புழுச் சுழற்சி தொடரும், மூளைக்காய்ச்சல் கிருமி பன்றி உடலில் பெருகிக் கொசு வழியாக மனிதருக்கு வரும். அண்டை வீட்டாரின் புகாருக்கும் உள்ளாட்சி நடவடிக்கைக்கும் பாதிக் காரணம் இவைதான்.

9. ஆய்வகமும் பதிவும்

மாடு போல உறைவிந்தில் சேமித்துவிடலாமே என்று கேட்பார்கள். பன்றி விந்து குளிரைத் தாங்காதது. உறையவைத்தால் பெரும்பகுதி செத்துவிடும், சினைப்பிடிப்பும் குறைவு. நீர்த்த விந்தைப் 17 டிகிரியில் சில நாள்தான் வைத்திருக்க முடியும். உடல் செல்களையும் மரபணுப் பொருளையும் கர்னாலில் சேமிக்கிறார்கள், அது கடைசிக் காப்பு. பன்றியைப் பொறுத்தவரை உயிரோடு நடமாடும் மந்தைதான் முதல் காப்பு.

இருந்தாலும் மாதிரி எடுத்து வையுங்கள். முதுகு மயிரை வேரோடு இருபது முப்பது இழை பிடுங்கி, காகித உறையில் போட்டு, மேலே பன்றி எண்ணை எழுதி ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். பின்னால் ஆராய்ச்சியாளர் எவராவது வரும்போது, உங்கள் பன்றி தனி இனமா, எவ்வளவு கலப்பு என்று சோதிக்க அதுவே உதவும். நோட்டு, படங்கள், ஊர்வாரிக் கணக்கு மூன்றும் கையில் இருந்தால், அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் இனப்பெருக்கத் துறையை அணுகுங்கள். இனப் பதிவுக்கான விண்ணப்பத்துக்கு வேண்டிய அடிப்படை விவரங்கள் கிட்டத்தட்ட இவைதான்.

அரசு மானியம் பற்றி: தேசிய கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம் உண்டு, ஆனால் அது பெரிய பண்ணைகளை மனத்தில் வைத்தது. எட்டுப் பன்றிக்காரருக்கு அதை நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன்.

10. விற்பது, சாப்பிடுவது

குட்டிகள் பெருகும். மாற்றுக்கு வேண்டியது போக மீதியைக் கறிக்கு விற்கத்தான் வேண்டும், அதில் கூச்சம் வேண்டாம். ஹங்கேரியின் மங்கலிட்சா பன்றி 1990களின் தொடக்கத்தில் 200 தாய்ப் பன்றிக்கும் கீழே போயிருந்தது. அதன் கொழுத்த இறைச்சிக்கு வாங்குவோர் கிடைத்த பிறகுதான் மீண்டது. நாட்டுப் பன்றிக் கறியின் சுவை தெரிந்தவர்கள் நம் ஊரிலும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எந்த ஊர்ப் பன்றி, என்ன தீனி என்று சொல்லி விற்றால் அந்த விலை நிற்கும்.

விற்கும் கறிப்பன்றியைக் கலப்பினமாகப் பெருக்கலாமா என்ற கேள்வி வரும். குங்ரூவையும் ஹாம்ப்ஷயரையும் சேர்த்துத்தான் குவாஹாத்தி அருகே ராணியில் உள்ள தேசியப் பன்றி ஆராய்ச்சி நிலையம் 'ராணி' என்ற கலப்பினத்தை உருவாக்கியது. கலப்பினம் வேண்டுமென்றாலும் ஒரு பக்கம் தூய நாட்டுப் பன்றி வேண்டியிருக்கிறது. ஆனால் உங்கள் எட்டுக்குள் அதைச் செய்யாதீர்கள். வெள்ளை ஆண் ஒன்று அந்தக் கொட்டகைக்குள் வந்தால் நோட்டின் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

கடைசியாக, நிறுத்த வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதையும் தொடங்கும்போதே வட்டத்தில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். உடல்நலம், இடம், பணம் என்று எதுவும் வரலாம். ஆறு மாதம் முன்னால் சொல்வது, கசாப்புக்காரரைக் கூப்பிடும் முன் இரண்டு ஆணையும் வட்டத்துக்குள் கைமாற்றுவது, பெண்ணில் ஒவ்வொரு தாய்வழிக்கும் ஒன்றாவது வேறு வீட்டில் சேர்ப்பது, நோட்டின் நகலைக் கொடுத்துவிட்டுப் போவது. இந்த நாலும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.